அர்ஜி எழுதும் பெஞ்சு

ஸ்ரீராம்புரத்தில், மெட்ரோ பாலத்துக்குப் பக்கத்துச் சந்தில், டீக்கடை வாசலில் ஒரு மர பெஞ்சு. மாலை ஐந்தரைக்குப் பெரியவர் வருவார். தோளில் துணிப்பை, அதில் வெள்ளைத்தாள், கார்பன் தாள், இரண்டு பேனா. வந்ததும் துண்டால் பெஞ்சைத் துடைப்பார். முதலில் துடைப்பது எதிரில் உட்காரப்போகிறவரின் இடத்தை.

மூன்று மாதமாக டீ குடித்தபடி பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வார்த்தை பேசியதில்லை.

இன்று முதலில் பூக்கார அம்மா. "தாத்தா, விதவை பென்ஷன் நாலு மாசமா வரலே. ஆபீஸுக்குப் போனா நாளைக்கு வா, நாளைக்கு வான்றாங்க."

"உட்காரும்மா மொதல்ல. பாஸ்புக் இருக்கா?"

அர்ஜியைக் கன்னடத்தில் எழுதுகிறார். எழுத்து ஒவ்வொன்றும் நெல்மணி மாதிரி. முடித்ததும் வரி வரியாகத் தமிழில் சொல்கிறார். அவசரமில்லை. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் யாரும் கைநாட்டு வைக்கக் கூடாது என்பது அவர் சட்டம். கார்பன் பிரதியை அந்த அம்மாவிடமே கொடுக்கிறார். "இதுல முத்திரை வாங்கிட்டு வா. அது இல்லாம திரும்பாதே." நீட்டிய பணத்தை வாங்கவில்லை.

பைக்குள் பிளாஸ்டிக் உறையில் ஒரு பழைய படம் உண்டு. யாரென்று ஒரு கல்லூரிப் பையன் கேட்டபோது பெரியவர் சொன்னதை நானும் கேட்டேன். "அந்தோணிப்பிள்ளை. எங்கப்பாவோட தலைவர்."

எஸ்.சி.சி. அந்தோணிப்பிள்ளை. 1914இல் இலங்கையில் பிறந்தவர், லண்டனில் படித்தவர். இலங்கை இடதுசாரித் தலைவர் பிலிப் குணவர்தனவின் தங்கை கரோலினை மணந்தவர். சொந்த ஊரில் வசதியாக வாழ வழியிருந்தும், 1942இல் மனைவியோடு இந்தியாவுக்கு வந்தார். 1946இல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவரானார். 1918இல் வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்று வளர்த்த அதே சங்கம். மறு வருடமே பெரம்பூர் பி அண்ட் சி மில்லில் வேலைநிறுத்தம். சில நாட்களில் அவரைக் கைது செய்தார்கள். தொழிலாளிகள் நூறு நாள் வரை தாக்குப்பிடித்தார்கள்.

"அப்ப எனக்கு ஏழு வயசு. வீட்ல பித்தளைக் குடம் போச்சு, அம்மா தோடு போச்சு. அப்பா ஒருநாளும் அவரை ஒரு சொல் சொன்னதில்லப்பா. உள்ள இருக்கிறது அவர், வெளிய இருக்கிற நாம சோறு கேட்கிறதான்னுவார்."

இதைச் சொன்னபோது பெரியவரின் குரல் சிறிது உடைந்தது. பையன் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டான்.

அந்த வேலைநிறுத்தத்துக்குப் பின் அந்தோணிப்பிள்ளை சோஷலிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். மாநகராட்சிக்கும், 1952இல் சட்டமன்றத்துக்கும், 1957இல் வட சென்னையிலிருந்து மக்களவைக்கும் போனார். பதவிகள் வந்தன, முடிந்தன. துறைமுகத் தொழிலாளிகளோடும் மில் தொழிலாளிகளோடும் இருந்த உறவு முடியவில்லை. 2000இல் இறந்தார். அவர் வாழ்க்கையில் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான்: வேறு தேசத்திலிருந்து வந்தவரை ஒரு மில் வாசல் தன் ஆளாக ஏற்றுக்கொண்டது.

பெரியவர் பிழைப்புக்காகப் பெங்களூர் வந்தார், பி அண்ட் சி மில்லை நடத்திய அதே பின்னி கம்பெனியின் காட்டன்பேட்டை மில்லுக்கு. ஸ்ரீராம்புரத்தில் அப்படி மில் வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். பின்னி மில் இன்று இல்லை. பக்கத்து ராஜா மில் நின்ற நிலத்தில் மந்த்ரி மால் நிற்கிறது. மில்லில் கற்ற ஒரு வேலையை மட்டும் பெரியவர் விடவில்லை: மனு எழுதுவது, பிரதி வைத்துக்கொள்வது, முத்திரை வாங்கும்வரை நகராமலிருப்பது.

மணி ஏழு. செக்யூரிட்டி உடுப்பில் ஒரு பையன், பி.எஃப். எண் தெரியாமல் நிற்கிறான். "வாப்பா" என்று பெரியவர் மறுபடி பெஞ்சைத் துடைக்கிறார். அவனுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர். பெரியவருக்கு இப்போது ஒரு கண்ணில் பார்வை மங்கல். எழுதும்போது தாளை முகத்தருகே கொண்டுபோகிறார்.

கன்னடம் எழுதத் தெரிந்தவர்கள் யாராவது அந்தப் பக்கம் போனால், மாலையில் ஒரு மணி நேரம் அவர் பக்கத்தில் உட்காருங்கள். நாளை முதல் நான் உட்காரப்போகிறேன்.