பயிற்றுநரைத் தேர்தல்

ஓர் அணி தொடர்ந்து தோல்வியுறும்போது முதலில் ஆட்டங்காண்பது பயிற்றுநரின் நாற்காலியே. பதினொருவரை ஒருங்கே நீக்குதல் அரிது. ஒருவரை நீக்குதல் எளிது. எனவேதான் பேலியகொடைச் சந்தியில் பேருந்துக்குக் காத்து நிற்பவர் முதல் விளையாட்டுச் சங்கங்களை ஆள்பவர் ஈறாக யாவரும் “ஆளை மாற்றுக” என்கின்றனர். ஆயின், யாரை அழைப்பது என்னும் வினாவுக்கு முன்னர் எழவேண்டிய வினா வேறொன்றுண்டு. அணியிடம் இல்லாதது எது? இதற்கு விடை காணாது ஆள் தேடுவதால் விளையும் அல்லலை இந்திய ஹொக்கியின் வரலாறு நன்கு காட்டுகின்றது.

1980ஆம் ஆண்டு மொஸ்கோவில், தமிழ்நாட்டவரான வாசுதேவன் பாஸ்கரனின் தலைமையில் இந்தியா தனது எட்டாவது ஒலிம்பிக் தங்கத்தை வென்றது. அதன்பின் 41 ஆண்டுகள் ஒலிம்பிக் ஹொக்கியில் ஒரு பதக்கமேனும் கிட்டவில்லை. 2006ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டிக்கு அதே பாஸ்கரன் பயிற்றுநராக அணியை அழைத்துச் சென்றார்; 12 அணிகளுள் இந்தியா பெற்ற இடம் 11. இக்குறையை அவர்மீது மட்டும் சுமத்துதல் நீதியன்று. 1976இல் மொன்ட்றியலில் ஒலிம்பிக் ஹொக்கி செயற்கைத் தரைக்கு மாறியது முதல், மட்டையின் நுண்திறனுக்கு நிகராக ஓட்டமும் உடல்வலுவும் வேண்டப்பட்டன. பழம்பெருமையுடைய ஒருவரைக் கொணர்தலால் மட்டும் அம்மாற்றத்தை ஈடுசெய்தல் இயலுமாயிருக்கவில்லை. 2008இல் பீஜிங் ஒலிம்பிக்குக்குத் தகுதிபெறவும் அணி தவறியது.

பின்னர் பார்வை வெளிநாடுகளை நோக்கித் திரும்பிற்று. 2009 முதல் 2015 வரை ஸ்பெயின், அவுஸ்திரேலியா, நெதர்லாந்து ஆகிய நாடுகளைச் சேர்ந்த நால்வர் அடுத்தடுத்து வந்து சென்றனர். ஒவ்வொருவரும் தத்தம் முறையை வீரர்களுக்குப் பழக்கத் தொடங்கினர். பழகி முடியுமுன் அடுத்தவர் வந்தார். உள்நாட்டவரா, வெளிநாட்டவரா என்ற விவாதம் ஓங்கியதேயன்றி, வருபவருக்கு எத்துணைக் காலமும் எத்துணை அதிகாரமும் அளிப்பது என்பது போதியவாறு ஆராயப்படவில்லை.

நெதர்லாந்தினரான ஷோர்ட் மரைனின் கதை இங்கு மனங்கொள்ளத்தக்கது. பெண்கள் அணிக்குப் பொறுப்பாயிருந்த அவர் 2017இல் ஆண்கள் அணிக்கு மாற்றப்பட்டார். 2018 பொதுநலவாய விளையாட்டு விழாவில் ஆண்கள் பதக்கமின்றித் திரும்பவே, ஓராண்டு நிறைவுறுமுன் மீண்டும் பெண்கள் அணிக்கே அனுப்பப்பட்டார். அங்கே அவருக்கு மூன்றாண்டுகள் கிட்டின. 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் அப்பெண்கள் முதல் மூன்று ஆட்டங்களிலும் தோற்றபோதும் கலங்காது, அவுஸ்திரேலியாவை வென்று முதன்முறையாக அரையிறுதியை எய்தி நான்காமிடம் பெற்றனர். ஓரணிக்கு ஒவ்வாதவரெனக் கருதப்பட்டவரே மற்றோரணியை உயர்த்தினார். ஆகவே திறமை என்பது பயிற்றுநரிடம் மட்டும் உறைவதன்று. அவருக்கும் அணிக்கும் இடையே, காலம் கனிய உருவாவது. அதே ஒலிம்பிக்கில் ஆண்கள் வென்ற வெண்கலமும், 2019 முதல் கிரஹாம் ரீட்டின் கீழ் இரண்டாண்டுகளுக்கு மேல் இடையறாது உழைத்ததன் பயனாகும்.

இலங்கையருக்கும் இது புதிய பாடமன்று. கொழும்பிற் பிறந்து அவுஸ்திரேலியாவுக்காக ஆடிய டேவ் வட்மோர் 1995இல் இலங்கைக் கிரிக்கெட் அணியின் பயிற்றுநரானார்; அடுத்த ஆண்டே உலகக் கிண்ணம் லாகூரில் வெல்லப்பட்டது. அர்ஜுனவின் துணிவையோ அரவிந்தவின் துடுப்பையோ அவர் படைத்தாரல்லர். அவை ஏற்கெனவே இருந்தன. அவற்றிற்குத் துணையாக ஒழுங்கான உடற்பயிற்சியும் திட்டமிட்ட ஆயத்தமும் வேண்டியிருந்தன. உள்ளதை அறிந்து இல்லாததை நிரப்பவல்ல ஒருவர் வாய்த்தமையே அவ்வணியின் பேறு.

தேர்வுக்குழுவினர் விண்ணப்பதாரரின் வெற்றிப் பட்டியலைப் படிப்பதற்கு முன்னர், தம் அணியின் குறைகளை ஒளிவின்றி எழுதிப் பார்த்தல் வேண்டும். தெரிவு செய்தபின் முதல் தோல்வியைப் பொறுக்கும் துணிவும் அவர்களுக்கு வேண்டும். அது இல்லாதவிடத்து எவர் வரினும், அடுத்தவருக்கான விளம்பரம் விரைவில் நாளிதழில் வெளிவரும்.