அட்டவணையில் இடம்பெறாத காயம்

டொராண்டோ

வானூர் வட்டத்து அன்பர்களே,

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், கிளியனூர்ப் பக்கம், நள்ளிரவில் ஒரு விபத்து நேர்ந்தால், உற்றார் வந்து சேருமுன் வந்து நிற்பது 108 வண்டியே என்பதைத் தாங்கள் அறிவீர்கள். 2008 செப்டம்பரில் தமிழகத்தில் தொடங்கிய அச்சேவையின் வண்டி ஒவ்வொன்றிலும் பைலட் எனப்படும் ஓட்டுநர் ஒருவரும் மருத்துவ உதவியாளர் ஒருவருமாக இருவரே இருப்பர். நசுங்கிய காரிலிருந்து குழந்தையை எடுத்து, மூச்சு நிற்காதபடி வழிநெடுகப் போராடி, ஜிப்மரிலோ திண்டிவனம் அரசு மருத்துவமனையிலோ சேர்ப்பித்தபின், வண்டியின் தரையில் ஃபினாயில் ஊற்றிக் கழுவி, அந்த ஈரம் உலருமுன்னரே அவர்கள் அடுத்த அழைப்புக்குப் புறப்பட்டாக வேண்டும்.

2023 மே மாதம், மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் விஷச்சாராயத்துக்கு இரையானவர்களை ஏற்றிச் சென்றவர்களும், 2024 இறுதியில் ஃபெஞ்சல் புயல் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியபோது வெள்ளத்தில் இறங்கிய மீட்புப் பணியாளர்களும் இவ்வகையினரே. இப்படிப்பட்ட ஒருவர், கண்ட காட்சிகள் திரும்பத் திரும்ப மனத்தில் எழ, உறக்கம் கெட்டு, வேலைக்குச் செல்லவியலாத நிலையை அடைந்தால், அவருடைய குடும்பத்துக்குக் கதி என்ன?

நான் வாழும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2016 ஏப்ரலில் இயற்றப்பட்ட ஒரு சட்டம் இதற்கு விடை தருகிறது. தீயணைப்போர், போலீஸார், ஆம்புலன்ஸ் பணியாளர் ஆகியோருடன், தொலைபேசியில் அலறலை மட்டுமே கேட்டு வண்டியை அனுப்பிவைப்பவரும் அதில் அடங்குவர். பேரதிர்ச்சியால் விளைந்த மனநோய் என்று மனநல மருத்துவரோ உளவியல் நிபுணரோ நிர்ணயித்துவிட்டால், அது உத்தியோகத்தால் வந்ததென்றே சட்டம் அனுமானித்துக்கொள்கிறது. எந்தப் பிணத்தைக் கண்டதால் மனம் கலங்கிற்று என்று நோயாளியே ருசுப்படுத்த வேண்டியதில்லை. பதவியிறக்கம், பணிநீக்கம் போன்ற நிர்வாக முடிவுகளால் வரும் மனவேதனைக்கு இச்சட்டம் பொருந்தாது. ஆல்பர்ட்டா மாகாணம் 2012-லேயே இவ்வழியில் முன்சென்றது.

இந்த அனுமானம் நமக்கு அந்நியமானதன்று. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் தன் மூன்றாம் அட்டவணையில் ஈய நஞ்சு, இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை, கல்தூசியால் வரும் நுரையீரல் நோய் முதலியவற்றைத் தொழில்வழி நோய்களென அங்கீகரித்தது. ஆகவே திருவக்கரைக் கல்குவாரியில் உழைப்பவரின் நெஞ்சு கெட்டால் அவருக்குச் சட்டத்தில் ஓர் ஆதாரம் உண்டு. நோயாளியைத் தொட்டுப் பணிபுரிபவருக்கு அவரிடமிருந்து தொற்று வந்தாலும் அவ்வாறே. அதே நோயாளியின் மரணத்தைக் கண்டு அதே பணியாளரின் சித்தம் சிதைந்தாலோ, அந்த நோய்க்கு அட்டவணையில் இடமில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மருத்துவக் காப்பீட்டில் மனநோயை உடல்நோய்க்கு நிகராக நடத்தப் பணித்தது மெச்சத்தக்கதே. ஆயினும் அது சிகிச்சைச் செலவைப் பற்றியதேயன்றி, இழந்த ஊதியத்தைப் பற்றியதன்று.

இத்தகைய அனுமானத்தைச் சட்டமாக்கினால் பொய்க்கோரிக்கைகள் பெருகும் என்று அஞ்சுவோர் உண்டு. நிபுணரின் நிர்ணயமின்றி எவர்க்கும் ஒரு காசும் கிடையாது என்பதே அதற்குப் போதிய காவல்.

மூன்று மாத முன்னறிவிப்புத் தந்து, அரசிதழ் அறிவிக்கையின் மூலமே அட்டவணையில் புதிய தொழில்களையும் அவற்றுக்குரிய நோய்களையும் சேர்க்கும் அதிகாரத்தை, 1923-ஆம் ஆண்டுச் சட்டம் மத்திய அரசுக்கு மட்டுமன்றி மாநில அரசுக்கும் அளித்தது. அச்சட்டத்தின் இடத்தில் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு வந்துள்ள இவ்வேளையில், வானூர்த் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரும் தொழிற்சங்கத்தாரும் இத்தகைய பணியாளரின் மனநோயையும் தொழில்வழி நோய்களில் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கையைச் சென்னைக்கும் டில்லிக்கும் எடுத்துச் செல்லுமாறு நீங்கள் வற்புறுத்த வேண்டும். நம் உயிரைக் காக்க ஓடி வருபவரின் மனத்துக்கு நேரும் சேதத்தை ஈடுசெய்வது தர்மகாரியமன்று. அவர் செய்த வேலைக்கு நாம் பட்டுள்ள கடன்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன்