நாற்பது ரூபாய்த் தண்ணீர்

அந்த அம்மா என் மேசைமேல் எடுத்து வைத்தது ஒரு காலித் தண்ணீர் பாட்டில். துணிக்கடைப் பையில் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு, நடுவழியிலிருந்து கோவில்பட்டி வரை மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருந்தார். விலை அச்சிட்ட இடத்தில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர், அதில் 40. ஒரு முனையை நகத்தால் கொஞ்சம் உரித்திருந்தார். அடியில் 20 தெரிந்தது.

"முழுசா உரிக்கல தம்பி. கோர்ட்டுல வச்சுத்தானே உரிக்கணும்?"

சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பருப்பு, எண்ணெய், முட்டை என்று தினம் கணக்கு எழுதிப் பழகிய கை.

2022 கோடை விடுமுறைக்குப் பேத்தியைக் கூட்டிக்கொண்டு சென்னையிலிருந்து ஆம்னி பஸ்ஸில் ஏறியிருக்கிறார். விழுப்புரம் தாண்டி, இரவு பதினொன்றரை மணிக்கு மேல் ஒரு மோட்டலில் வண்டி நின்றது. தூங்கி எழுந்த பிள்ளை பசி என்று அழுதது. இரண்டு தோசை 220 ரூபாய். விலைப்பலகை எங்கும் இல்லை. கல்லாவில் இருந்தவர் சொன்னதுதான் விலை. பணத்தை வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுத்தார்கள், அந்த டோக்கனைத் தோசை வைத்தவர் திரும்ப வாங்கிக்கொண்டார். கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட மிஞ்சவில்லை. கழிப்பறைக்கு ஆளுக்குப் பத்து ரூபாய். கையிலிருந்த சில்லறை அதோடு தீர்ந்ததால், வாசலை ஒட்டிய கடையில் தண்ணீர் பாட்டிலுக்கு மட்டும் செல்போனில் பணம் அனுப்பினார். எங்கள் வழக்குக்கு உயிர் கொடுத்தது அந்த ஒரு பரிவர்த்தனைதான். கடையின் பெயர், தொகை, நேரம் மூன்றும் போனில் இருந்தன.

"ஒரு தோசைக்கு மாவு, எண்ணெய், சட்னி, கேஸ் எல்லாம் போட்டாலும் இருபது ரூபாய் வராது தம்பி. கூலி, வாடகைன்னு இன்னும் இருபது போடுங்க. மிச்சம் எதுக்கு?" என்று கேட்டார்.

பதில் எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் அது சட்டப் புத்தகத்தில் இல்லை. நான்கு வழிச்சாலை வருவதற்கு முன் சென்னையிலிருந்து தெற்கே வரும் பேருந்து விழுப்புரத்துக்குள் போகும், உளுந்தூர்பேட்டைக்குள் போகும். ஜன்னலோரம் முறுக்கும் வெள்ளரிப்பிஞ்சும் வரும். ஒரு கடையில் விலை கூடுதல் என்றால் நாலு எட்டு வைத்தால் அடுத்த கடை. புறவழிச்சாலை வந்ததும் ஊர்கள் ஒதுங்கிவிட்டன. இப்போது இருட்டுக்கு நடுவே ஒரு கட்டடம், அதன் முன் வண்டி. எங்கே இறங்குவது என்பதைப் பயணி முடிவு செய்வதில்லை. முடிவு செய்கிறவர்களுக்குத் திரை போட்ட தனி அறையில் சாப்பாடு, அதற்குக் காசு கிடையாது. இரவுப் பேருந்தில் ஊருக்குப் போய்வரும் யாரும் இதைப் பார்த்திருப்பார்கள். எனக்கு இது வெறும் விலைப் பிரச்சினையாகப் பட்டதே இல்லை. வேண்டாம் என்று எழுந்து போக வழியில்லாதவரிடம் கேட்கும் பணம் அது.

சமைத்த உணவுக்கு இன்ன விலை என்று எந்தச் சட்டமும் கட்டுப்படுத்தவில்லை என்பதை அவரிடம் முதலிலேயே சொன்னேன். முகம் வாடிவிட்டது. பாட்டில் அப்படியல்ல. பொட்டலப் பொருட்களுக்கான 2011ஆம் ஆண்டு எடையளவு விதிகளின்படி, அச்சிட்ட விலைக்கு மேல் சில்லறை வியாபாரி விற்கக் கூடாது. அந்த விலையை மறைக்கவோ மாற்றவோ கூடாது. பில் கொடுக்காததை முறையற்ற வணிகம் என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அதே சட்டம்தான் முறையீட்டாளர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடவும் வழி செய்தது. பழைய சட்டத்தில் இந்த வசதி இல்லை. இருந்திருந்தால் எத்தனையோ பேர் வந்திருப்பார்கள். இருபது ரூபாய்க்காக யார் வாய்தாவுக்கு வாய்தா விழுப்புரம் போவார்கள்? கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணமும் கிடையாது. மோட்டலையும் பேருந்து நிறுவனத்தையும் எதிர்தரப்பாகச் சேர்த்தேன்.

மோட்டலின் எதிருரை வந்தது. நான் எதிர்பார்த்த தீர்ப்பு அதில் இருந்தது. ஓட்டலுக்கு வருகிறவர் தண்ணீர் பாட்டில் வாங்க மட்டும் வருவதில்லை, இடம், பரிமாறல் என்று சேவையும் சேர்த்தே பெறுகிறார், ஆகவே அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. கனமான ஆயுதம். அதை எப்படித் தாண்டுவது என்று நான்கு நாள் தூக்கமில்லை. ஐந்தாம் நாள் எதிருரையை மறுபடி முதலிலிருந்து படித்தேன். நான்காம் பத்தியில், "முறையீட்டாளர் எங்கள் ஓட்டலில் உணவருந்தவே இல்லை, அதற்கு ரசீது இல்லை" என்று இருந்தது. ஒன்பதாம் பத்தியில், மேசை, நாற்காலி, மின்விசிறி, பணியாள் எல்லாம் கொடுத்ததால் நாற்பது ரூபாய் நியாயம் என்று இருந்தது.

வாதத்தன்று இரண்டு பத்திகளையும் அடுத்தடுத்துப் படித்தேன். "உட்காரவே இல்லை என்றால் எந்த நாற்காலிக்கு இருபது ரூபாய்? வாசல் கடையில் நின்றபடி வாங்கியவருக்கு என்ன பரிமாறல்?" என்று கேட்டேன். எதிர்தரப்பு வழக்கறிஞர் கட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தார். நுகர்வோர் ஆணையத் தலைவர் பாட்டிலைக் கேட்டார். ஸ்டிக்கரைத் தானே மெல்ல உரித்தார். பசை காய்ந்து போயிருந்ததால் நார் நாராக வந்தது. 20 முழுதாகத் தெரிந்ததும் பக்கத்திலிருந்த உறுப்பினரிடம் நீட்டினார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா எழுந்து நின்றுவிட்டார்.

2024இல் உத்தரவு வந்தது. கூடுதலாக வாங்கிய இருபது ரூபாயைத் திருப்பித் தர வேண்டும், மன உளைச்சலுக்கு ஐயாயிரம், செலவுத்தொகை மூவாயிரம், விலைப்பலகை வைத்துப் பில் கொடுக்க வேண்டும். தோசை குறித்த கோரிக்கையை ஆதாரம் இல்லை என்று தள்ளினார்கள். பேருந்து நிறுவனத்தையும் விடுவித்தார்கள். மோட்டலோடு அவர்களுக்கு இருந்த ஏற்பாட்டை நிரூபிக்க என்னிடம் ஒரு காகிதமும் இல்லை. திரைக்குப் பின்னால் நடப்பதற்கு யார் சாட்சி சொல்வார்கள்? அந்தத் தோல்வி எனக்கு இன்றும் ஆறவில்லை. ஆணிவேர் அந்த ஏற்பாடுதான்.

சில மாதங்கள் கழித்து ஒரு நள்ளிரவில் அந்த அம்மாவின் போன் வந்தது. எடுத்ததும் பின்னணியில் இரைச்சலான சினிமாப் பாட்டு.

"தம்பி, அதே கடையிலதான் வண்டி நிக்குது. தண்ணி இருபது ரூபாய்தான் வாங்கினாங்க, பில்லும் குடுத்தாங்க. பலகையும் வச்சிருக்காங்க." சற்று நிறுத்தினார். பேருந்தின் பக்கவாட்டைக் கிளீனர் தட்டும் சத்தம் கேட்டது. "தோசை நூத்திமுப்பதுன்னு பெருசா எழுதிப் போட்டிருக்காங்க தம்பி. இதுக்கு என்ன செய்யலாம், ஊருக்கு வந்ததும் சொல்லுங்க."