பெரட்டுச் சங்கு

எல்கடுவப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயம். விடியற்காலை வேலையாட்களைக் கூட்டும் பெரட்டுக்குச் சங்கு ஊதினால் வீட்டில் முதலில் விழிப்பது பெரியம்மா மகள், அக்காதான். அதை விழிப்பு என்றா சொல்வது? இரண்டு கையும் விரிந்து, தலை பின்னுக்குப் போய், உடம்பையே ஒருதரம் தூக்கிப்போடும். பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் இந்தத் திடுக்கிடல் உண்டு. மூளை வளர வளர ஆறு மாதத்துக்குள் அடங்கிவிடும். அக்காவுக்குப் பெரியபிள்ளையாகியும் அடங்கவில்லை. "பேய் அறைஞ்ச புள்ள" என்று லயத்தில் ஆளாளுக்குக் கயிறு கட்டினார்கள். மாத்தளை முத்துமாரியம்மனின் மாசிமகத் தேருக்குத் தூக்கிப்போனால், ஐந்து தேரும் கடக்கும்வரை தவில் சத்தத்துக்கு விறைத்தபடியே சிரித்துக்கொண்டிருப்பாள்.

தேத்தண்ணிக் கோப்பையைக் கண்டதும் அவள் கை மார்போடு ஒட்டிக்கொள்ளும். வேண்டாம் என்கிறாளாக்கும் என்று வந்தவர்கள் நினைப்பார்கள். உண்மையில் ஆசை கூடக்கூடத்தான் இறுக்கமும் கூடும். கையை நீட்டுவதென்றால் மடக்கும் தசை விட்டுக்கொடுக்க வேண்டும். மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் நரம்பிழைகள் சிதைந்தவர்களுக்கு அந்த விட்டுக்கொடுப்பு நடக்காது, இரண்டு தசையும் ஒருசேரப் பிடித்துக்கொள்ளும். தூங்கும்போது பார்த்தால் அதே கை வாழைத்தண்டாய்த் துவண்டு கிடக்கும்.

முந்தானைக்கு அடியில் அவள் உள்ளங்கையில் ஒரு காசை வைப்போம், பிறகு சட்டைப் பொத்தானை வைப்போம். எது எதுவென்று பார்க்காமல் அவளால் சொல்ல முடியாது. தோல் மரத்துப்போகவில்லை, எறும்பு கடித்தால் கத்துவாள். தொட்ட பொருளின் வடிவத்தைக் கூட்டிப்பார்த்து இன்னதென்று அறிவது மூளையின் வேலை. அக்காவைப் போலப் பெருமூளை வாதம் உள்ள பலருக்கு அதுவும் சேர்ந்தே கெடுகிறது. கொழுந்துச் சாக்கில் பாதம் பட்டால் போதும், விரல்கள் சுருண்டு நுனிக்காலில் நின்றுவிடுவாள்.

அக்கா இப்படியானதற்கு எல்லாப் பழியும் பிரசவம் பார்த்த மருத்துவச்சிக் கிழவி மேல். லண்டன் வைத்தியர் வில்லியம் ஜோன் லிட்டிலும் 1861 இல் கடினப் பிரசவத்தைத்தான் காரணமாகக் காட்டினார். கனவுகளை ஆராயப் போகுமுன் நரம்பு வைத்தியராக இருந்த பிராய்ட், 1897 இல், கோளாறு கருவிலேயே தொடங்கியிருக்கலாம், பிரசவம் கடினமானதே அதனால் இருக்கலாம் என்று எழுதினார். இன்றைய மருத்துவமும் பெரும்பாலும் அவர் பக்கம்தான். பெரியம்மாவோ கிழவி சாகும்வரை அவளோடு முகங்கொடுத்துப் பேசவில்லை.

எங்கள் பாட்டி அம்மாயி மட்டும் காரணம் தேடி அலையவில்லை. திடுக்கிடுவாளென்று, பின்னாலிருந்து யாரையும் அக்காவைக் கூப்பிட விடமாட்டாள். தூக்குமுன் முழங்காலையும் இடுப்பையும் மெல்ல மடக்குவாள், கத்தரிக்கோலாய்ப் பின்னிக்கிடந்த கால்கள் தாமாகப் பிரியும். பிறகுதான் சுடுதண்ணி, எண்ணெய். எலும்பு வளரும் வேகத்துக்கு இறுகிய தசை வளராது, நீட்டிவிடாவிட்டால் குட்டையாகிவிடும் என்பதெல்லாம் அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

ஒருமுறை கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு மிஸ்ஸி அக்காவைப் பாயில் கிடத்தி, முழங்காலை மடக்கி, இடுப்பை வளைத்து, கால்கள் பிரிவதைப் பொறுமையாகக் காட்டித்தந்தார். அம்மாயி தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும்தான் வாயைத் திறந்தாள்: "நான் தெனம் செய்யிறத எனக்கே காட்டுது. பஸ்ஸு காசுக்கு ரெண்டு கொத்து அரிசி வாங்கியிருக்கலாம்."