கிராணியின் சிறு பெட்டி

கிராணிக்குக் கையில் பேனா இருந்தாற் போதாதா, புகைப்படப் பெட்டி வேறு எதற்கு என்று நண்பரொருவர் சென்ற மாதம் நம்மைக் கேட்டார். கேள்வியிற் பரிகாசம் இருந்ததாயினும் நியாயமும் இல்லாமலில்லை. ராசாவை அடுத்த செம்பனைத் தோட்டமொன்றிற் கணக்கெழுதிப் பிழைக்கும் நாம், ஞாயிறுதோறும் சட்டைப்பையில் ஒரு சிறு பெட்டியை இட்டுக்கொண்டு கடைத்தெருவில் அலைவதைக் கண்டோர் பலர். கைத்தொலைபேசியிலேயே ஆயிரம் படம் எடுக்கலாமே. காசு கொடுத்துப் பிலிம் சுருள் வாங்கி, முப்பத்தாறே படம் எடுத்து, அதையும் வர்ணமின்றிக் கறுப்பு வெள்ளையில் எடுப்பது என்ன பைத்தியம் என்பது அவர்கள் அபிப்பிராயம். பைத்தியம் என்றே வைத்துக்கொள்வோம். அதன் வரலாற்றைச் சற்றுக் கேட்டருள வேண்டுகிறோம்.

ஆதியிற் புகைப்படம் என்றால் முக்காலியும் கறுப்புத் துணியும் கண்ணாடித் தகடும் சேர்ந்த ஒரு பெரிய சம்பிரமம். படம் எடுப்பவனிடம் மக்கள் வந்து நிற்பார்களேயன்றி, மக்கள் இருக்குமிடத்திற்கு அவன் எளிதிற் போக முடியாது. சினிமாவுக்கென்று செய்த 35 மில்லிமீட்டர்ச் சுருளை ஒரு சிறு பெட்டிக்குள் அடக்கலாம் என்று கண்டவர் ஆஸ்கார் பார்னாக் என்ற ஜெர்மானியர். அவருடைய லைக்கா 1925ல் விற்பனைக்கு வந்தது. நம்மிடம் இருப்பது அவ்வளவு உயர்ந்த சாதியன்று. மைதானி என்ற ஜப்பானிய நிபுணர் அமைத்து, 1979ல் வெளிவந்த ஒலிம்பஸ் எக்ஸ்ஏ என்பதன் தம்பி, 1980ல் வந்த எக்ஸ்ஏ2. உள்ளங்கையில் அடங்கும். தூரத்தைக் குறிக்க அதில் மூன்றே சித்திரங்கள்: அருகிலுள்ள ஒரு முகம், சற்றுத் தள்ளி நிற்கும் மனிதர், தூரத்து மலை. மூடியைச் சாத்தினால், முகத்தில் வைத்திருந்தாலும் மலையில் வைத்திருந்தாலும், அது தானாகவே நடுவிலுள்ள மனிதரிடம் திரும்பி வந்துவிடும். இக்குணம் ஒன்றுக்காகவே அப்பெட்டியை நாம் நேசிக்கிறோம்.

இத்தகைய சிறு பெட்டியோடு தமிழ்நாட்டிற்கும் ஒருவர் வந்திருந்தார். ஆன்றி கார்ட்டியே பிரெஸோன் என்னும் பிரெஞ்சுக்காரர், 1950 ஏப்ரலில் ரமணர் காலமான சமயம் திருவண்ணாமலையிற் படம் எடுத்தவர். 1952ல் அவர் வெளியிட்ட நூலுக்கு ஆங்கிலத்திலே 'தீர்மானமான கணம்' என்று பொருள்படும் கம்பீரமான தலைப்பு. ஆங்கிலத்திற் படித்தவர்களாகிய நாம் அந்தக் கணத்தைத் தேடியே பல சுருள்களைப் பாழாக்கினோம். பின்னர்தான் தெரிந்தது, பிரெஞ்சுத் தலைப்பில் தீர்மானமும் இல்லை, கம்பீரமும் இல்லை என்று. லைசென்ஸ் இல்லாமல் தெருவிற் சரக்கு விற்பவன், போலீஸைக் கண்டதும் சாக்கோடு சுருட்டிக்கொண்டு ஓட ஆயத்தமாய் நிற்பானே, அந்த நிலையைச் சொல்லும் வார்த்தை அது. ராத்திரிச் சந்தை பார்த்து வளர்ந்த நமக்கு இது ஆங்கிலத் தலைப்பைவிட நன்றாகவே விளங்குகிறது.

தோட்டத்திற்குள்ளேயே எடுக்கலாமே என்பீர்கள். எடுத்துப் பார்த்தோம். காலைப் பெரட்டில் நாம் பெட்டியை உயர்த்தியதும், பேசிச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் கைகளைத் தொங்கவிட்டு வரிசையாக நின்றுவிட்டார்கள். இன்று பெரட்டில் நிற்போரிற் பலர் வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும், நம்மவர் சிலரே. எந்த நாட்டவராயினும் கிராணியின் கண்ணை ஒன்றுபோலவே அறிந்திருக்கிறார்கள். பெயர் போடுகிறவனும் பெயர் வெட்டுகிறவனும் அவனே அல்லவா? அதனால்தான் கடைத்தெருவுக்குப் போனோம்.

ராசாவின் கடைத்தெரு பெரியதன்று. பெருஞ்சாலையின் ஓரமாய்ப் பழைய கடைவீடுகள்; அவற்றின் முன்னே அஞ்சடி. 1822ல் சிங்கப்பூருக்கு ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தில் தொடங்கிய ஏற்பாடு இது. மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க இட்ட அந்த நடையில், காலை ஒன்பது மணிக்குத் தூணுக்குத் தூண் வெயிலும் நிழலும் மாறி மாறி விழும். கறுப்பு வெள்ளைச் சுருளுக்கு இதைவிட வேறு விருந்து வேண்டுவதில்லை.

அங்கேதான், வெள்ளையடித்த சுவரில் முதுகு சாய்த்து, வெற்றிலைக் கவுளிகளைப் பரப்பியிருந்த பாட்டியொருவரைக் கண்டோம். கோலா சிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருஷம் பால் வெட்டியவர். பால்மரம் போய்ச் செம்பனை வந்தபின் மகளோடு இவ்வூர் சேர்ந்தவர். வெற்றிலைக்கு நீர் தெளித்துக்கொண்டிருந்த கையைப் பார்த்து விசையைத் தொட்டோம். சத்தம் மெல்லியதுதான், பாட்டியின் காது அதனினும் கூரியது.

"என்னங்க ஐயா, பேரு எழுதறீங்களா?" என்றார்.

"இல்லை பாட்டி, படம் எடுத்தேன்" என்றோம்.

"எந்த ஆபீசுக்கு?"

இக்கேள்விக்கு நம்மிடம் விடையில்லை. நாம் படித்த புஸ்தகங்களெல்லாம், எதிரிலிருப்பவர் அறியாவண்ணம் எடுப்பதே திறமை என்று போதித்தனவேயன்றி, அறிந்துகொண்டு கேட்டால் என்ன சொல்வதென்று போதிக்கவில்லை. ஆனால் பாட்டி கேட்டதில் விந்தையொன்றுமில்லை. 1948ல் அவசரகாலச் சட்டத்தின்கீழ் மலாயாவிற் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோர் அனைவருக்கும் படமும் கைநாட்டும் பதித்த அடையாள அட்டை கட்டாயமாயிற்று. லயத்து மக்களிற் பலர் வாழ்நாளில் முதன்முதலாகப் புகைப்படத்திற்கு நின்றது அதற்காகவே. கல்யாணத்திற்கு எடுக்காத படத்தைச் சர்க்காருக்கு எடுத்துக் கொடுத்தார்கள். பாட்டியின் தாய்க்கும் அப்படித்தான். பாட்டிக்கோ இன்றும் கையிலிருப்பது சிவப்பு அட்டை. சுதந்திரத்திற்கு முன்னே லயத்திற் பிறந்தவர். பிறப்புப் பத்திரம் கிடையாது. ஆகவே நிரந்தரவாசி, பிரஜை அல்லர்.

"அந்த அட்டையில ஒண்ணு இருக்கு. செத்தா மாலை போட வேற படம் இல்லீங்க. ஒண்ணு குடுங்க" என்றார். அடுத்த ஞாயிறு கொண்டு வருவதாக வாக்களித்தோம்.

அன்றிரவு குளியலறையிற் சுருளைக் கழுவினோம். டி-76 மருந்தில் 20 பாகை வெப்பத்தில் ஏழரை நிமிஷம் என்பது குறிப்பு. நம் குழாய்த் தண்ணீர் இராத்திரியிலும் 28 பாகைக்குக் குறைவதில்லை. ஆகவே ஐஸ்கட்டி போட்ட வாளியில் மருந்துப் புட்டியை நிறுத்தி, மீன்காரன்போற் காவல் காப்பது நம் வழக்கம். எல்லாம் முறையாகவே செய்தோம். சுருளைத் தூக்கிப் பார்த்தால் ஓரத்தில் 1 முதல் 36 வரை எண்கள் இருந்தன, நடுவில் ஒன்றுமேயில்லை. எண்கள் தெரிந்ததால் மருந்து நல்ல மருந்தே. சுருளின் நுனியைப் பற்சக்கரத்திற் சரியாக மாட்டாததால், அது நகராமலே கிடந்து, நாம் வெறும் பெட்டியை முப்பத்தாறு முறை அழுத்தியிருக்கிறோம். பெயர் நிரப்பாத செக்ரோல்போல அது கொடியிற் காய்ந்தது. தினமும் பிறர் பிழையைச் சிவப்பு மையாற் சுழிக்கிறவனுக்கு இது வேண்டியதுதான்.

மறு ஞாயிறு வெறுங்கையோடு போய் உண்மையைச் சொன்னோம். பாட்டி கோபிக்கவில்லை. "நாளைக்கு வாங்க" என்றார். மறுநாள் வேலை முடிந்து போனபோது, வெற்றிலைக் கூடையைத் தள்ளி வைத்துவிட்டு, பச்சைப் புடவை கட்டி, தலையை வாரிமுடித்து, அதே சுவரோரம் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். கார்ட்டியே பிரெஸோன் கண்டிருந்தால் அவ்விடம் விட்டு நகர்ந்திருப்பார். நாம் நகரவில்லை.

இனி ஒளியின் சங்கடத்தைச் சொல்லவேண்டும். பெட்டிக்குள்ளிருக்கும் ஒளிமானி, எதிரேயுள்ளதெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே கருதிக் கணக்கிடும். வெள்ளைச் சுவரின்முன் கறுத்த முகம் இருந்தால், அது சுவரை நம்பி வெளிச்சத்தைக் குறைத்துவிடும். சுவர் ஒழுங்காக விழும், முகம் கரிக்கட்டையாகிவிடும். நம்மவர் முகங்கள் எத்தனையோ படங்களில் கண்ணும் பல்லுமாக மாத்திரம் நிற்பதற்கு ஒரு காரணம் இது. குற்றம் தோலினுடையதன்று, கணக்கினுடையது. ஆதலின் 400 வேகமுள்ள எச்பி5 சுருளை இட்டு, பெட்டிக்கு 200 என்று பொய் சொன்னோம். இருமடங்கு வெளிச்சம் உள்ளே போயிற்று. சுவர் வெளுத்துப்போனாற் போகட்டும் என்று விட்டோம்.

நல்லவேளையாக இம்முறை சுருள் நகர்ந்திருந்தது. செவ்விளக்கின்கீழ், மருந்துத் தட்டிற் கிடந்த தாளில் முதலில் மூக்குத்திக்குக் கீழுள்ள நிழல் வந்தது. பிறகு நெற்றிச் சுருக்கங்கள், ஒவ்வொன்றாக. வாய் மட்டும் அட்டைக்கு எடுப்பதுபோல் இறுகியே இருந்தது.

படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். பாட்டி வெயிலிற் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "பொடவை பச்சைங்களே" என்றார். கறுப்பு வெள்ளையிற் பச்சை வராது என்றோம். "சரி, செத்தவங்க படம் அந்தக் காலத்துல இப்படித்தான் இருக்கும்" என்று தாமே சமாதானம் செய்துகொண்டார். பிறகு, அடிக்குரலில், "நீல அட்டைக்கு எழுதிப் போடலாம்னு மக சொல்லுது. இந்தப் படம் ஆகுங்களா?" என்று கேட்டார்.

ஆகாது. அந்த அலுவலகத்திற் படம் அவர்களே எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் கேட்பது முகத்தையன்று, பிறந்ததற்குச் சாட்சியை. அதைச் சொல்ல நமக்கு நா எழவில்லையாயினும் சொன்னோம். பாட்டி படத்தை முந்தானையிற் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, நமக்கு ஒரு கவுளி வெற்றிலை எடுத்துக் கொடுத்தார். காசு வாங்க மறுத்தார்.

வீட்டிற்கு வந்து, கோலா சிலாங்கூரில் அவர் பிறந்த தோட்டத்துக் கிராணிக்கு ஒரு கடிதம் எழுதினோம். பழைய செக்ரோல் புஸ்தகங்கள் கறையான் தின்னாமல் மீந்திருந்தால், தாயின் பெயர், லயத்தின் எண், பிள்ளைப்பேற்றுக்கு விடுப்பு எழுதிய வரி ஆகியவற்றிற் கிடைப்பதைப் பார்த்து நகலெடுத்து அனுப்பும்படி கேட்டிருக்கிறோம். அத்தோட்டம் இடையிற் கைமாறிவிட்டது என்று கேள்வி. கடிதம் போட்டு மூன்று வாரமாகிறது. பதிலை எதிர்பார்க்கிறோம். அதற்குள் பாட்டியின் அண்டைக் கடையில் தோசை சுடும் அம்மையாரும் தமக்கொரு படம் வேண்டுமென்று சொல்லியனுப்பியிருக்கிறார், நீலப் புடவையாம்.