தென்னைமரத்தில் கட்டிய ஆடம் ஸ்மித்



போன மாதம் ஒரு சாயங்காலம் மேல்மாடிப் பெண் வந்தாள். என் சமையலறை மேசைமேல் ஒரு விடைத்தாளை வைத்துவிட்டு எதுவும் பேசாமல் உட்கார்ந்துகொண்டாள். இருபதுக்கு ஏழு. ஓரத்தில் சிவப்பு மையில் இரண்டே குறிப்புகள். முதல் பக்கத்தில் ‘கேள்வி எங்கே?’, மூன்றாம் பக்கத்தில் ‘பட்டியல்’.

அவள் அப்பா என் ஊர்க்காரர், காரைக்கால். பாரிஸுக்கு வடக்கே இந்தப் புறநகரில் ஒரே கட்டடத்தில் இருக்கிறோம். பெண் இந்த ஜூனில் ‘பாக்’ எழுதுகிறாள். நெப்போலியன் 1808-இல் ஏற்படுத்திய பள்ளி இறுதித் தேர்வு இது. இதில் தத்துவத்துக்கென்று ஒரு காலைப் பொழுது உண்டு. நான்கு மணி நேரம், மூன்று கேள்விகள். இரண்டு கட்டுரைத் தலைப்புகள். மூன்றாவது, ஒரு பத்தியைக் கொடுத்து விளக்கச் சொல்வது. ஏதாவது ஒன்றை எழுதினால் போதும். அன்றைக்கு மாலைச் செய்தியில் அந்தத் தலைப்புகளை வாசிப்பார்கள். பரீட்சை எழுதி முப்பது வருஷம் ஆனவர்கள்கூட ரொட்டிக்கடை வரிசையில் நின்றபடி அதைப் பற்றி வாதாடுவார்கள். நம் ஊரில் கிரிக்கெட்டுக்குக் கிடைக்கிற மரியாதை இது.

அவளுக்குப் பயிற்சிக்காகக் கொடுத்த தலைப்பு 2019-இல் வந்த பழைய கேள்விதான்: உழைப்பு மனிதர்களைப் பிரிக்கிறதா?

“எல்லாத்தையும்தான் எழுதியிருக்கேன் மாமா. இன்னும் என்ன வேணுமாம் அவங்களுக்கு?”

எல்லாம்தான் இருந்தது. முதல் பத்தியில் ஆடம் ஸ்மித். 1776-இல் வந்த புத்தகத்தில் அவர் சொன்ன குண்டூசிப் பட்டறை: ஒருவன் கம்பி இழுக்க, ஒருவன் நறுக்க, ஒருவன் முனை தீட்ட, பத்துப் பேர் சேர்ந்து நாளொன்றுக்கு 48,000 ஊசிகள். அடுத்த பத்தியில் மார்க்ஸ். அதற்கடுத்து துர்க்கேம், வேலையைப் பங்கிட்டுக்கொள்வதுதான் இன்றைய சமூகத்தை ஒட்டவைக்கிறது என்று 1893-இல் எழுதியவர். மூன்று பத்தி, மூன்று பேர், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல். இதற்கு முன்னால் தொழில்நுட்பத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறாள். அதை வாங்கிப் பார்த்தேன். அதிலும் அதே குண்டூசி.

பசுமாட்டை மனப்பாடம் செய்துகொண்டு போனவன், தென்னைமரத்தைப் பற்றி எழுதச் சொன்னதும் மாட்டைக் கொண்டுபோய் மரத்தில் கட்டினானே, அந்தக் கதையைச் சொன்னேன். சிரித்தாள். கொஞ்சம் கழித்து, “அப்ப ஆடம் ஸ்மித் என் மாடா?” என்றாள். கெட்டிக்காரப் பெண்.

எனக்கு மட்டும் என்ன வாழ்ந்தது? எங்கள் ஐயா கரும்பலகையில் முன்னுரை, பயன்கள், தடைகள், நம் கடமை, முடிவுரை என்று வரிசையாக எழுதிப்போடுவார். நூலகம் வந்தாலும் மழைநீர் வந்தாலும் அதே ஐந்து அறைதான். ‘நான் விரும்பும் தலைவர்’ என்று நான் வைத்திருந்த கட்டுரையில் பெயரை மட்டும் மாற்றினால் போதும், காந்திக்கும் பொருந்தும், காமராசருக்கும் பொருந்தும். தலைப்பை ஒரு கேள்வியாகப் பார்க்கலாம் என்று யாரும் சொன்னதில்லை. அது நிரப்பவேண்டிய பாத்திரம், அவ்வளவுதான்.

இந்த ஊரிலும் மூன்று அறை கட்டத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் அறைக்குப் போகுமுன் ஒரு திண்ணை உண்டு. பரீட்சை மண்டபத்தில் விடைத்தாளோடு நிறத்தாள்களும் தருவார்கள். ரோஸ், பச்சை, மஞ்சள். அதற்கு ‘ப்ரூயோன்’ என்று பெயர், நாம் ரஃப் பேப்பர் என்போமே அது. முதல் ஒரு மணி நேரமாவது அதில்தான் கழியவேண்டும் என்பார்கள் வாத்தியார்கள். முன்னுரையை அதிலேயே முழுசாக எழுதிவிடு, முடிவுரையையும் எழுதிவிடு, கடைசிப் பத்து நிமிஷத்தில் கை ஓடாது என்பார்கள். பிள்ளைகள் கேட்டால்தானே. பேனாவைத் திறந்ததும் விடைத்தாளில் குதிப்பார்கள்.

நான் அவளிடம் ஒரு பச்சைத் தாளைக் கொடுத்து, கேள்வியில் உள்ள வினைச்சொல்லை மட்டும் எழுதச் சொன்னேன். ‘பிரிக்கிறது’.

“எதையெல்லாம் பிரிப்போம், சொல்லு.”

“கேக்கை. கூட்டத்தை. சண்டை போடறவங்களை.”

“கேக்கைப் பிரிக்கிறதும் சண்டைக்காரங்களைப் பிரிக்கிறதும் ஒண்ணா?”

பேனாவைக் கடித்தாள். கேக்கைப் பிரித்தால் ஆளுக்கொரு துண்டு, எல்லாரும் ஒரே மேசையில். சண்டைக்காரர்களைப் பிரித்தால் ஆளுக்கொரு மூலை. பங்கிடுதல் ஒன்று, விலக்குதல் இன்னொன்று. பிரெஞ்சுச் சொல்லிலும் இந்த இரண்டும் இருக்கின்றன, நம் சொல்லிலும் இருக்கின்றன. ஸ்மித்தும் துர்க்கேமும் பேசுவது முதல் பிரிப்பை. மார்க்ஸ் பேசுவது இரண்டாவதை. அப்படியானால் கேட்கவேண்டியது, பங்கிடுவது எந்த இடத்தில் விலக்குவதாக மாறுகிறது என்பது. இதைத்தான் இங்கே ‘ப்ரொப்ளெமாத்திக்’ என்கிறார்கள். கேள்விக்குள் ஒளிந்திருக்கும் கேள்வி. அது கிடைத்துவிட்டால் மூன்று பேரும் ஒரே திண்ணையில் வந்து உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

“உதாரணம்?” என்றேன். மறுபடியும் குண்டூசியை எடுத்தாள். “உங்க வீட்டுல?”

அவள் அப்பா ஒரு ரெஸ்டாரன்ட் சமையற்கட்டில் இரவு வேலை. அம்மா விடியற்காலை ஐந்தரைக்கு ரயில் பிடித்து ஹோட்டல் அறைகளைச் சுத்தம் செய்யப் போகிறவர். இருவரும் பேசிக்கொள்வது ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய சீட்டுகளில். ‘ரசம் இருக்கு. கரண்டு பில் கட்டியாச்சு. சின்னவனுக்கு ஊசி செவ்வாய்.’ ஞாயிற்றுக்கிழமை மட்டும் நேரில். அந்தச் சீட்டுகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள்.

“அதெல்லாம் எழுதக் கூடாது மாமா. ‘நான்’னு போட்டா அடிச்சிடுவாங்க.”

அதுவும் உண்மைதான், இந்த விதியோடு எனக்கு இன்றும் வழக்கு உண்டு. ஆனால் வழி இருக்கிறது. ஒரே வீட்டில் இருந்தும் ஷிஃப்ட்டால் சந்திக்க முடியாத தம்பதி என்று எழுதினால் யார் வீடு என்று ஒருவரும் கேட்கப்போவதில்லை. வேலை அவர்களை விலக்குகிறது. அந்த வேலைதான் வீட்டையும் நிறுத்தி வைத்திருக்கிறது. ஒரு ஃப்ரிட்ஜ் கதவில் இரண்டு பிரிப்பும் இருக்கிறது.

மூன்றாம் பகுதிதான் பிள்ளைகளுக்கு வழுக்குகிற இடம். முதலில் ஆம், அடுத்து இல்லை, கடைசியில் ‘இரண்டும் ஓரளவு உண்மை’. பஞ்சாயத்தில் இரு தரப்புக்கும் வலிக்காமல் தீர்ப்புச் சொல்கிற நாட்டாமை மாதிரி. இதற்குச் சோம்பேறித்தனம் என்றுதான் பெயர். நன்னூலைக் கல்லூரியில் நெட்டுருப் போட்டவன் நான். அதை எழுதிய பவணந்தி எழுவகை மதம், அதாவது ஏழு கருத்துநிலைகள், என்று சொல்கிறாரே, அதில் இருவர் முரண்படும் இடத்தில் ஒரு பக்கம் துணிந்து நிற்பதும் ஒன்று. பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு களைவதும் அதில் உண்டு. சிவப்பு மையில் ‘தலைப்புக்கு வெளியே’ என்று இங்கே எழுதுகிற குற்றத்துக்கு அவரிடம் ‘மற்றொன்று விரித்தல்’ என்று பெயரே இருக்கிறது. இதையெல்லாம் நான் மதிப்பெண்ணுக்கு இலக்கணமாகப் படித்தேன். கட்டுரை எழுதும்போது ஒருநாளும் எடுத்துப் பார்த்ததில்லை. இரண்டும் வேறு வேறு நோட்டுப் புத்தகம்.

மற்றொன்று விரித்தலுக்குச் சிகரம் இந்த நாட்டுக்காரர்தான். ‘எஸ்ஸே’ என்ற பெயரையே இலக்கியத்துக்குக் கொடுத்த மோந்தேன் 1580-இல் தன் முதல் தொகுப்பை அச்சிட்டார். அந்தச் சொல்லுக்கு முயன்று பார்த்தல் என்று பொருள். பிறகு போட்ட பதிப்பில் அவர் வண்டிகளைப் பற்றி என்று தலைப்பு வைத்த கட்டுரையில் பெரும்பகுதி அரசர்களின் ஊதாரித்தனமும் அமெரிக்காவில் ஸ்பானியர் செய்த கொடுமையும்தான். அச்சான பிரதியின் ஓரத்திலும் சாகும்வரை சேர்த்துச் சேர்த்து எழுதிக்கொண்டே இருந்தார். பாக் எழுதியிருந்தால் ஏழு வாங்கியிருப்பாரோ என்னவோ. ஆனால் அவர் தனக்காக எழுதியவர், மணி பார்த்து எழுதியவர் அல்ல. பதினேழு வயதுக்குத் திண்ணை வேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

திருத்தி எழுதிய தாள் நேற்று வந்தது. பன்னிரண்டு. குண்டூசி ஒரே வாக்கியத்தில் அடங்கிவிட்டது. ஷிஃப்ட் தம்பதி பத்திக்குப் பக்கத்தில் சிவப்பில் ஒரு கோடு, இரண்டு சொல்.

அவள் அம்மா வேலை முடிந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார். பிரெஞ்சு வாசிக்க வராது. “என்னடி எழுதியிருக்காங்க?”

“இதை இன்னும் விரிச்சு எழுதச் சொல்றாங்கம்மா.”

“எழுதேன். பேப்பர் இல்லையா?” என்று ஃப்ரிட்ஜ் பக்கம் போனார், அன்றைய சீட்டைப் பார்க்க.