கடலடியில் ஒரு விளக்கு

மதுரை மாசி வீதிகளில் சுங்குடிச் சேலை வாங்க வருவோர் கடைக்குள் எரியும் விளக்கை எளிதில் நம்புவதில்லை. விரித்துக் காட்டிய சேலையைக் கையில் ஏந்தி வாயிற்படிக்கு வந்து, பகலொளியில் ஒருமுறை புரட்டிப் பார்த்த பின்னரே விலை பேசுவர். உள்ளே அரக்காகத் தோன்றியது வெளியே குங்குமமாக விளங்குதலும் உண்டு. மாறியது சேலையன்று, அதன்மேல் விழுந்த ஒளியே ஆகும். அவ்வூர் மல்லிகையின் நிலையோ வேறு. அந்திக் கடையின் மஞ்சள் விளக்கிலும் அது வெண்மையாகவே தோன்றுகிறது. அரும்பு வெண்மையானது என்று உள்ளம் முன்னரே அறிந்திருத்தலின், கண் கண்ட மஞ்சளை அது கழித்துவிடுகிறது. ஒளிப்படக் கருவிக்கு அத்தகைய உள்ளம் இல்லை. எது வெண்மை என்பதை அதற்கு ஒருவர் அறிவித்தல் வேண்டும். இங்ஙனம் அறிவிப்பதையே வெண்மைச் சமன் செய்தல் என்பர். நிலத்தில் இஃது எளிய வேலை, நீருக்கடியிலோ பெரும்பாடு.

மதுரையைக் கடந்து செல்லும் வையை, மானாமதுரை, பரமக்குடி வழியாக ஓடி, இராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு நீர் தந்து, எஞ்சியதைக் கிழக்குக் கடலில் சேர்க்கிறது. அதற்குத் தெற்கே பரந்து கிடப்பது மன்னார் வளைகுடா. பண்டு கொற்கைத் துறையில் மூச்சடக்கி மூழ்கியோர் எடுத்த முத்து மதுரைப் பாண்டியர்க்குச் செல்வமாயிற்று. அக்கடலில் இன்றும் மூழ்குவோர் உளர். ஆனால் அவர்கள் நாடுவது முத்தன்று. இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே அமைந்த 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த பவளப் பாறைகளும் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் அப்பாறைகளின் உடல்நிலையை நீரில் மூழ்கி ஆராய்ந்து வருகின்றனர். இத்தகைய ஆய்வில் ஒளிப்படம் ஓர் ஆவணம்.

பவளம் கல்லன்று, உயிர். அதன் மென்மையான உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருந்து உணவு ஆக்கித் தருகின்றன. பவளத்தின் பழுப்பு நிறமும் பெரும்பாலும் அவற்றால் வருவதே. கோடையில் கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடேறினால் அப்பாசிகள் நீங்கிவிடுகின்றன. அப்பொழுது உள்ளிருக்கும் சுண்ணாம்புக் கூடு புலப்பட்டுப் பவளம் வெளிறித் தோன்றும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இவ்வெளிறல் மன்னார் வளைகுடாவைத் தாக்கியது. ஆகவே, ஒரு படத்தில் பவளம் வெண்மையாகத் தோன்றுமாயின், வெளிறியது பவளமா, அன்றிப் படமா என்னும் ஐயம் எழுகின்றது. சமன் பிறழ்ந்த படம் நோயுற்ற பவளத்தை நலமுடையதாகக் காட்டலாம்; விளக்கொளி மிகுந்த படம் நலமுடையதை நோயுற்றதாகக் காட்டலாம். அழகுக்காகப் படம் எடுப்போர்க்கு இது சிறு பிழை, ஆராய்வோர்க்கோ பொய்ச்சான்று.

நீர் ஒளியைச் சமமாக உண்பதில்லை. செந்நிறத்தை முதலில் விழுங்குகிறது. பின்னர் ஆரஞ்சு, அதன்பின் மஞ்சள். தெளிந்த கடலிலும் ஐந்தாறு மீட்டர் ஆழத்திற்குள் செந்நிறத்தின் பெரும்பகுதி போய்விடும். குங்குமச் சுங்குடியைப் பதினைந்து மீட்டர் ஆழத்தில் விரித்தால் அது மங்கிய கருநிறத் துணியாகத் தோன்றும். ஆழத்தில் கையிற் காயமுற்றோன் தன் குருதி பசுமை கலந்த கருமையாகக் கசிவதைக் கண்டு திகைப்பதும் உண்டு. 1921இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பிய சர் சி. வி. இராமன், நடுநிலக் கடலின் நீலத்தைக் கண்டு, அது வானத்தின் எதிரொளி மட்டுமே என்னும் கருத்தை ஏற்காது, நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று நிறுவினார். சிவப்பை உண்டு நீலத்தைச் சிதறவிடும் அந்நீருக்குள்தான் கருவியோடு இறங்க வேண்டியிருக்கிறது.

மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சூழ்ந்த பாறைகள் பெரும்பாலும் ஆழங் குறைந்தவை. கடல் தெளிந்த நாளில் ஞாயிற்றின் ஒளியே அங்குப் போதும். மூழ்குவோன் வெண்மையான அல்லது சாம்பல் நிறமான சிறு பலகை ஒன்றை உடன் கொண்டு செல்வான். படம் எடுக்கும் ஆழத்திலேயே அதனைக் கருவியின்முன் பிடித்து, 'இதுவே வெண்மை' என அதற்கு உணர்த்துவான். சில மீட்டர் இறங்கினாலும் ஏறினாலும் மீண்டும் உணர்த்தல் வேண்டும். சோம்பினால் அடுத்த படங்கள் எல்லாம் நீலம் பூத்துவிடும். ஆயினும், சமன் செய்தல் என்பது இருக்கும் சிவப்பைப் பெருக்கிக் காட்டுவதேயன்றி, இல்லாததைப் படைப்பதன்று. ஆழம் மிகுந்த இடத்தில் அதனைப் பெருக்கினால் படம் முழுதும் புள்ளி புள்ளியாகச் சிதைவுறும். அங்கே ஒளியை உடன் எடுத்துச் செல்வதே வழி.

இவ்வழியை 1893ஆம் ஆண்டளவிலேயே பிரான்சு நாட்டு லூயி பூத்தான் முயன்றார். பீப்பாயின்மேல் எரிந்த சாராய விளக்கின் சுடரில் மக்னீசியப் பொடியை ஊதி ஒளி பெற்றார். 1926இல் அமெரிக்காவின் புளோரிடாக் கடலில் லாங்லி, மார்ட்டின் என்னும் இருவர் தெப்பத்தின்மேல் அப்பொடியை வெடிக்கச் செய்து, நீரடி மீனை முதன்முதல் இயற்கை வண்ணத்தில் படம் பிடித்தனர். அம்முயற்சியில் லாங்லி தீக்காயமும் உற்றார். இன்று அவ்வேலையைக் கையடக்கமான மின்வெட்டொளி விளக்கு செய்கிறது. 'ஸ்ட்ரோப்' என்பது அதன் வழக்குப் பெயர்.

இவ்விளக்கைப் பொருத்துமிடத்தில்தான் புதியவர் பிழை செய்வர். கருவியின் கண்ணாடிக்கு அருகிலேயே அதனை வைப்பர். ஓட்டுக்கூரையின் துளை வழியே வரும் வெயிற்கற்றையில் தூசிகள் மினுக்குவதை யாவரும் கண்டிருப்பர். கடல்நீரிலும் மணலும் நுண்ணுயிர்களும் அவ்வாறே மிதக்கின்றன. கண்ணாடிக்கும் பவளத்திற்கும் இடைப்பட்ட நீரில் விளக்கொளி நேரே பாய்ந்தால் அத்துகள்கள் பனித்துளிகள்போல் படத்தை மூடிவிடும். ஆகவே நீண்ட கைகளில் விளக்கைப் பூட்டி, கருவிக்குப் பக்கத்தே சற்றுப் பின்தள்ளி, வெளிநோக்கிச் சாய்த்து வைத்தல் வேண்டும். அப்பொழுது ஒளிக்கற்றையின் ஓரம் மட்டுமே பவளத்தைத் தொடும். இடைப்பட்ட நீர் இருண்டிருக்கும்.

விளக்கின் ஒளியையும் நீர் விட்டுவைப்பதில்லை. பவளம் வரை சென்று, கண்ணாடிக்குத் திரும்பும் வழியெங்கும் சிவப்பை இழந்துகொண்டே வருகிறது. ஆதலின் ஒரு மீட்டர் அளவுக்கு நெருங்குதலே நன்று. இவ்விளக்கு நண்பகல் வெயிலை ஒத்த நிறமுடையது. அதனோடு எடுக்கும்போது கருவியின் சமனையும் பகலொளிக்கே வைத்தல் வேண்டும். பலகையைக் காட்டிச் செய்த பழைய சமனை மறந்து அப்படியே விட்டால், அருகிலுள்ள பவளம் செங்கற்பொடி தூவியதுபோலத் தோன்றும். செந்நிற வடிகட்டியைப் பூட்டியிருந்தால் அதனையும் கழற்றுதல் வேண்டும்.

இவை அனைத்தையும் ஒரு மயிரிழை கெடுத்துவிடக்கூடும். கருவியின் நீர்புகாப் பெட்டியை மூடும் இரப்பர் வளையத்தில் ஒரு மணற்பருக்கையோ தலைமயிரோ சிக்கினால் உப்புநீர் உட்புகுந்துவிடும். தேர்ந்தவர் கரையிலேயே நிழலில் அமர்ந்து அவ்வளையத்தைத் துடைத்து, விரலால் தடவிச் சோதித்து, மெல்லிய பசையிட்டுப் பொருத்துவர். அங்கே விரையாத கை கடலிலும் விரையாது.

ஆராய்வோன் படம் எடுக்கும்போது அந்தச் சிறு பலகையைப் பவளத்தின் அருகே ஓர் ஓரத்தில் தெரியுமாறு வைக்கிறான். பின்னர்ப் படத்தைக் காண்போர் முதலில் பலகையைப் பார்ப்பர்; அது சாம்பலாகவே இருப்பின் பவளத்தின் நிறத்தை நம்புவர். அடுத்த கோடையில் அதே பாறையருகே அதே பலகை மீண்டும் வைக்கப்படும்.